நின்ற இடத்துச் சூடு

சாந்தாமணி குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு என் மோட்டார் சைக்கிளின் சைடுகாரில் உட்கார்ந்தபோது மணி ஒன்பது. கோயமுத்தூர் பஸ் மேட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "அண்ணா, பஸ்ஸுலயே போயிரலாமுங்களா?" என்று ஒரு தரம் கேட்டாள். "அது ஊர் ஊரா நின்னு ஆள் ஏத்தும் அம்மணி. நாம அரை மணி முந்தியே போயிரலாம்" என்றேன். அந்தப் பேச்சை மறந்துவிட எத்தனையோ வருஷமாக முயன்று பார்க்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலம்தான் தகவல் வந்தது. அவள் புருஷன் குமாரசாமிக்குப் பஞ்சு அரைக்கிற பாக்டரியில் வேலை. பத்து நாளைக்கு முன் வலது கை விரல்கள் மிஷினில் நசுங்கி, புண் சீழ் பிடித்து மேலே ஏறிவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முழங்கையோடு எடுத்துவிடுவது என்று பெரியாஸ்பத்திரியில் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான். கையை எடுப்பதற்கு முன்னால் குழந்தையைக் கொண்டுவர வேண்டும், ரெண்டு கையிலும் ஒரு தடவை ஏந்திக்கொள்ள வேண்டும். பிரசவம் எங்கள் வீட்டில் நடந்தது. பதினாறாம் நாள் வந்தவர் தொட்டிலை எட்டிப் பார்த்ததோடு சரி. மாமனார் மாமியார் எதிரில் சொந்தப் பிள்ளையைத் தூக்குவது அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆண்களுக்குக் கூச்சமான காரியம். தன் வீட்டுக்கு வந்த பிறகு தூக்கிக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

மோட்டார் சைக்கிள் வாங்கி அப்போது நாலு மாதம். 1937-ல் எங்கள் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் அது கிடையாது. இதை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையே இல்லை, ஆனாலும் நான் ஞாபகப்படுத்திக்கொண்டுதான் இருந்தேன். வால்பாறை எஸ்டேட் துரை ஒருவர் ஓட்டிய வண்டி. உக்கடத்தில் பட்டறை வைத்திருந்த அமீர் ஹம்சாதான் வாங்கிக் கொடுத்தார். கொடுக்கும்போது என்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காக இருந்த இரும்புத் தகடுகளை விரலால் தட்டிக் காட்டினார்.

"காருக்குத் தண்ணி இருக்குதுங்க. இதுக்குக் காத்துதான் தண்ணி. ஓடறப்ப காத்து இந்தத் தகட்டுல பட்டு, சூட்டை எடுத்துட்டுப் போயிரும். நின்னா காத்து ஏதுங்க? உள்ள நெருப்பு மட்டும் எரிஞ்சுட்டே இருக்கும். ரெண்டு நிமிசத்துக்கு மேல நிக்கறதா இருந்தா அணைச்சுப்போடுங்க கவுண்டரே."

தலையாட்டினேன். ஆனால் அணைத்தால் மறுபடி உதைத்துக் கிளப்ப வேண்டுமே. கிணத்துக்கடவு சந்தையில் ஒரு தரம் பதினெட்டு உதை ஆயிற்று. சுற்றி நின்ற கூட்டம் வாய்விட்டே எண்ணியது. அன்றிலிருந்து ஆள் பார்க்கிற இடத்தில் நான் என்ஜினை அணைப்பதில்லை.

மேட்டைத் தாண்டியதும் பஸ்ஸை முந்தினேன். சாந்தாமணி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். ஒரு கல் தூரத்தில் பாலுசாமி மாமாவின் வில்வண்டி எதிரே வந்தது. வழியில் பெரியவரைக் கண்டால் நிறுத்தி இறங்கி நாலு வார்த்தை பேசாமல் போவது எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம். நிறுத்தினேன். என்ஜின் படபடவென்று அடித்துக்கொண்டிருக்க, சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி மழையைப் பற்றிப் பேசினோம். ஆஸ்பத்திரிக்கு, பதினோரு மணிக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமா உடனே அனுப்பிவைத்திருப்பார். நான் சொல்லவில்லை. அவர் என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு அது இனித்தது. ஒத்தக்கால்மண்டபத்தில் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர், அங்கேயும் பத்து நிமிஷம்.

போத்தனூர்ப் பக்கம் ரயில் கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்ததே தவிர வழி விடவில்லை. கட்டை வண்டிக்காரர்கள் இறங்கி வந்து எங்களைச் சூழ்ந்து நின்றார்கள். என் முழங்காலில் அனல் அடித்தது. எண்ணெய் கருகுகிற வாசம் வந்தது.

"அண்ணா, சூடு இங்க வரைக்கும் வருதுங்க. அணைச்சுப்போட்டா என்னங்க?" என்றாள் சாந்தாமணி. குழந்தையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்திருந்தாள்.

"உனக்கு இதப்பத்தி என்ன தெரியும்? சும்மா இரு" என்றேன். அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னேன். அதற்குள் பஸ்ஸும் வந்து எங்கள் பின்னால் நின்றுவிட்டது.

கேட் திறந்தது. பஸ் பின்னால் வருகிறதே என்று முழு வேகத்தில் பாய்ந்தேன். ஒரு பர்லாங்கு போயிருப்போம். உள்ளே ஏதோ கிரீச்சென்று இறுகி, பின்சக்கரம் மண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றது. உதைத்துப் பார்த்தேன். உதைகட்டை அசையவே இல்லை.

பஸ் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் படியில் இறங்கி, "ஏனுங்க, குழந்தையும் கையுமா நிக்கறாங்களே, ஏறிக்கறீங்களா? இடம் இருக்குதுங்க" என்றார். பஸ்ஸின் ஓரமெல்லாம் தலைகள். சாந்தாமணி ஒரு காலைச் சைடுகாருக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டாள்.

"இல்லீங்க, நீங்க போங்க. ஆறுனாக் கிளம்பிரும்" என்றேன்.

அவள் காலைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டாள். என் தங்கை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை, அன்றைக்காவது பேசியிருக்கலாம். பஸ் போன தூசி அடங்கிய பிறகும் நான் உதைத்துக்கொண்டே இருந்தேன். ஆறியது. கிளம்பவில்லை. கடைசியில் தவிட்டு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியில் ஏறி, மீதி நாலு மைலும் நடை வேகத்தில் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பன்னிரண்டரை.

நாலு மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். குமாரசாமி மயக்கம் தெளிந்து கிடந்தார். வலது பக்கம் துணிக்கட்டு முழங்கையோடு முடிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் முதலில் குழந்தையைத்தான் தேடினார். பிறகு சாந்தாமணியைப் பார்த்தார்.

"கூட்டிட்டுப் போறப்பக்கூட வாசலைப் பாத்துட்டே இருந்தனே. பஸ்ஸு பத்தே முக்காலுக்கே வந்துபோட்டுதாமா."

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தேன். அதற்குள் அவள், "ரயில் கேட்டைப் போட்டுட்டாங்க. திறக்கவே இல்லீங்க. அண்ணன் என்ன பண்ணுவாருங்க" என்றாள். சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். இன்று வரை அந்த மனுஷருக்குத் தெரியாது.

அவள் குழந்தையை அவர் மார்பருகே கொண்டுபோனாள். அவர் இடது கையை நீட்டித் தலைக்கு அடியில் கொடுத்தார். வலது தோளும் தானாக எழுந்தது. கட்டு அசைந்தது, வலியில் முகம் சுண்டிப்போயிற்று. குழந்தையின் உடம்பு பாதி அந்தரத்தில் நிற்க, அது சிணுங்கியது.

"மச்சான்" என்று கூப்பிட்டார். "அந்தப் பக்கம் நீங்க கொஞ்சம் தாங்குங்க."

என் கையைப் பார்த்தேன். வழியெல்லாம் வேட்டியில் துடைத்தும் கருகிய எண்ணெய் விரலிடுக்கில் அப்படியே இருந்தது. அவர் காத்திருந்தார். கட்டிலைச் சுற்றி வலது பக்கம் போய்க் குனிந்து, குழந்தையின் காலுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தேன். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. குதிகாலால் என் கையை உதைத்தது, மறுபடி மறுபடி உதைத்தது. குழந்தையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்துகொண்டிருந்தன.