வெளியேறிய நேரம்

சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தின் வாசலில் வருகைப் பதிவேடு வைத்திருப்பவள் ஜெனிட்டா. யார் வந்தாலும் பெயர், யாரைப் பார்க்க, உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம் என்று நான்கு கட்டங்களையும் நிரப்பாமல் விடமாட்டாள். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டு, சொந்த டைரிக்கும் அப்படியே கோடு போட்டிருந்தாள். அதில் ஆகஸ்ட் பதினான்காம் தேதிக்கு நேரே, பெயர்: நாவல், 212 பக்கம். யாரைப் பார்க்க: மாமல்லபுரம் பதிப்பகம். உள்ளே போன நேரம்: மாலை 7.40. கடைசிக் கட்டம் மட்டும் ஏழு மாதமாக வெறுமையாகக் கிடந்தது.

நாவலை அவள் தட்டச்சு செய்தது செங்கல்பட்டில், கணினி கற்கப் போகும் மாலை வகுப்பில். காலை ஷிப்டு முடிந்து வந்து ஆறரைக்கு உட்கார்ந்தால் எட்டு மணி வரை. பாடத்தை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் நாளுக்கு ஒரு பக்கம். ஓரம் விட்ட அளவு, பக்க எண், அத்தியாயத் தலைப்பு எல்லாவற்றையும் மூன்று தடவை சரிபார்த்து, அங்கிருந்தே மின்னஞ்சலில் அனுப்பினாள். அதன் பிறகு அதைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒரு பிழை கண்ணில் பட்டுவிட்டால் தூக்கம் போய்விடும்.

அக்டோபரில் கேட்டபோது தீபாவளி முடியட்டும் என்றார் பதிப்பாளர் ராஜேந்திரன். டிசம்பரில், புத்தகக் காட்சி முடியட்டும் என்றார். பிப்ரவரியில்தான், "படிச்சிகினு கீறோம்மா. நல்லாத்தான் போவுது" என்று ஒரு வார்த்தை வந்தது. அதை டைரியில் எழுதி அடியில் இரண்டு கோடு கிழித்தாள்.

வகுப்பில் பக்கத்து இருக்கை ஷபானாவுக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். "பொண்ணு பாத்துட்டுப் போனவன்கூட இத்தினி மாசம் இழுக்க மாட்டான்டி" என்றாள்.

இனி இழுக்க இடமும் இல்லை. மேற்பார்வையாளர் ஜெரோம் இரவு ஷிப்டில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். ஒப்புக்கொண்டால் மாலை வகுப்பு போய்விடும். வகுப்போடு கணினியும், கணினியோடு எழுத்தும். புத்தகம் வருமென்றால் மறுத்துவிடலாம். வராதென்றால் ஒப்புக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இரண்டில் ஒன்று தெரிந்தால் போதும் என்கிற அளவுக்கு அவளுக்கு அலுத்துவிட்டது.

சனிக்கிழமை விடுப்பு எடுத்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஏறினாள். பதிப்பகம் இருந்தது கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு லாட்ஜின் மாடியில். அறை முழுக்கப் புத்தகக் காட்சியில் விற்காமல் திரும்பிய கட்டுகள். ராஜேந்திரன் நாற்காலியிலிருந்து ஒரு கட்டை இறக்கி அவள் உட்கார இடம் செய்தார், டீ வரவழைத்தார். நல்ல மனிதர்தான். நாவலைப் பற்றிப் பேச்சு வந்ததும், நடுவில் கொஞ்சம் தொய்வு என்றார். ஜெனிட்டா தலையாட்டினாள், அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டு டைரியைத் திறந்தாள். பக்கம் சொல்வதற்காக அவர் மடிக்கணினியில் அவளுடைய கோப்பைத் தேடித் திறந்தார்.

திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக வரிவரியாக ஓடியது. அவர் கீழே தள்ளிக்கொண்டே போனார். கடைசிப் பக்கம் வரை அப்படியே.

மாலை வகுப்புக் கணினியில் இருந்தது பழைய காலத்து எழுத்துரு. அது இல்லாத கணினியில் தமிழ் இப்படித்தான் சிதறும். வேறெங்கும் அடித்துப் பார்த்திராத ஜெனிட்டாவுக்கு அது தெரியாது. ராஜேந்திரனுக்குப் பார்த்ததும் தெரியும். ஆகஸ்டிலேயே பார்த்திருந்தால் ஆகஸ்டிலேயே தெரிந்திருக்கும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய ஃபாண்டும்மா இது" என்றார் மெல்ல. "மாத்திக்கலாம்."

ஜெனிட்டாவுக்கு முதலில் வந்தது கோபமில்லை. யாரும் படிக்கவில்லை, ஆகவே யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை என்றொரு அற்ப ஆறுதல். அதன் பின்னாலேயே வெட்கம் வந்தது. படிக்காதவர் சொன்ன தொய்வுக்குத் தலையாட்டியிருக்கிறாள். யோசித்துப் பார்த்தால் ஏழு மாதமாகவே அவள் செய்துவந்தது அதுதான்.

அச்செடுத்துக் கொடுத்தால் இந்தத் தடவை தானே உட்கார்ந்து படிப்பதாக ராஜேந்திரன் சொன்னார். அவள் டைரியை அவர் பக்கம் திருப்பினாள், வேலையில் ஒரு நாளைக்கு நூறு பேருக்குத் திருப்புவது போல. பேனாவை அதன் நடுவில் வைத்தாள்.

"கடைசிக் கட்டம் சார். எப்ப படிச்சு முடிப்பீங்கன்னு தேதி போட்டு, கையெழுத்து."

"இன்னாம்மா, என்னையும் கேட்டுல நிக்க வெச்சிட்ட."

"எல்லாரும் போடணும் சார். எங்க எம்.டி.யே போடுவாரு."

அவர் சுவரில் நாள்காட்டியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். மே முப்பது என்று எழுதிக் கையெழுத்திட்டார். வேண்டாமென்று சொல்வதானாலும் படித்துவிட்டுச் சொல்லும்படி அவள் கேட்டுக்கொண்டாள்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அச்செடுக்கும் முன் முழுவதையும் ஒருமுறை படிக்க வேண்டும். நாளுக்குப் பத்துப் பக்கமென்றால் இருபத்திரண்டு மாலைகள். இரவு ஷிப்டு வேண்டாம் என்று ஜெரோமுக்குச் செய்தி அனுப்பினாள். அனுப்பிய மறு நிமிடமே தப்புச் செய்துவிட்டோமோ என்றிருந்தது. அதை யோசிக்கவும் தெம்பில்லாமல், திருக்கழுக்குன்றம் வருமுன்பே தூங்கிப்போனாள்.