ஒரு தடவை அலசினால் போதும்

நான் தேய்த்த பாத்திரத்தில் முகம் பார்க்கலாம். ஆய்வுக்கூடத்தில் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். மறுக்க நான் விட்டால்தானே!

சர்க்கரைக் கரைசலை நொதிகளால் அமிலமாக்குவது எங்கள் வேலை. அந்த அமிலத்தைக் கோத்துத்தான் மண்ணில் மக்கும் பிளாஸ்டிக் செய்ய வேண்டும். அமிலம் ஊற ஊற, ஒரு பம்பு காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சமன்செய்யும். சொட்டினால் நொதி உயிரோடு இருக்கிறது. ஏழு முறை தொடங்கினோம். ஏழு முறையும் ஒரு மணி நேரத்தில் சொட்டு நின்றது. எட்டாவதும் நின்றால் திட்டத்தை மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு.

அன்று காலை எட்டாவது முறைக்கு இரண்டு கண்ணாடிக் கலன்கள். ஒன்றை எப்போதும்போல நான் சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்து, ஒரே ஒரு தடவை அலசினேன். தண்ணீரை வீணாக்கினால் எனக்கு ஆகாது. இன்னொன்றைக் குழாயடியில் வைத்துவிட்டு, கூட வேலை பார்க்கும் தூங்குமூஞ்சி போனில் பேசிக்கொண்டிருந்தான். பத்து நிமிடம் தண்ணீர் வழிந்து ஓடியது.

“உனக்கெல்லாம் ரெண்டு பிள்ளைங்க வேற! சோப்பு எங்க?”

“மறந்துட்டேன்க்கா.”

மறுபடி கழுவ நேரமில்லை. திட்டிக்கொண்டே இரண்டையும் தொடங்கினேன்.

தொடங்கி ஒரு மணி நேரத்தில், நண்பகலில், என் கலன் நின்றுவிட்டது. அவனுடையது சொட்டிக்கொண்டே இருந்தது. நம்பாமல் என் கலனை உற்றுப் பார்த்தேன். விளிம்பில் மெல்லிய நுரை. சோப்பு! அட கடவுளே, இத்தனை நாள் நொதியைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன், இவனையும் திட்டினேன்.

என் கலனையும் பத்து நிமிடம் குழாயடியில் வைத்தேன். மீதமிருந்த நொதியை ஊற்றினேன். மூன்று மணிக்கு இயக்குநர் வந்தபோது இரண்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

“அப்போ அந்த ஏழு தடவை எப்படிச் செத்துச்சு?”

புது நொதி நன்றாக வந்திருக்கிறது என்று சமாளித்திருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது.

“நான்தான் சார் கொன்னேன். சரியா அலசாம சோப்ப விட்டுட்டேன்.”

அவர் குனிந்து பம்பைப் பார்த்தார். “அப்போ நொதி மேல குத்தம் இல்ல. இன்னும் ஒரு வருஷம் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கண் கலங்கியது. தூங்குமூஞ்சி பார்க்காதது மாதிரி அடுத்த கலனைக் குழாயடியில் வைத்தான்.

“போதுமாக்கா? மூடிடவா?”

“மூடாத. ஓடட்டும்.”