பச்சைத் தாடி

ஹனீபாவின் டாக்ஸி தண்ணீர் குடித்தது. காலையில் பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டரில் எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலண்ட் நன்றாக இறங்கியிருக்கும். நிரப்புவார். மறுநாள் காலை அதே கதை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் சவாரி ஏற்றி வருகிறவருக்கு இது சின்ன விஷயமா? நடு மலையில் எஞ்சின் கொதித்தால் பிழைப்பு கந்தல்தான்.

ஏற்காடு ஒண்டிக்கடையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் சிங்கராயர் காருக்கடியில் மல்லாந்து படுத்தார். ஓஸ் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சொட்டு ஈரமில்லீங்க பாய். வெளிய ஒழுகலீன்னா உள்ளதான் போகுது. எஞ்சினைப் பிரிக்கோணும்."

"அதுக்கு நொம்ப நாளாகுமே. பக்ரீத் சவாரியெல்லாம் போயிருமே!"

"அப்ப ராத்திரி வண்டிக்கடியில ஒரு அட்டையை விரிச்சு வெச்சுப் பாருங்க. ஒழுகுச்சுன்னா அட்டை காட்டிக் குடுத்துரும்."

விரித்தார். காலையில் போய்ப் பார்த்தால் கார் இருக்கிறது, அட்டையைக் காணோம். தரையோ துடைத்துவிட்டாற்போலக் காய்ந்து கிடக்கிறது. ஹனீபாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவர் மனைவி ஜைனபு சுத்தக்காரி. எதையும் தரையில் கிடக்க விடமாட்டாள்.

"அட்டையை எதுக்கு எடுத்தே?"

"நான் எங்கீங்க எடுத்தேன்? ஷெட்டுப் பக்கமே வரலை."

"பின்னே, அட்டைக்குக் கால் முளைச்சுருச்சா?"

அடுத்த ராத்திரி பழைய பேப்பரை விரித்தார். அதுவும் மாயம். ஜைனபிடம் பேச்சையே நிறுத்திவிட்டார். அவள் மட்டும் லேசுப்பட்டவளா? சோற்றுத் தட்டை டங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

அந்த நாட்களில் ஹனீபா மனம்விட்டுப் பேசியது சுட்டியிடம்தான். நெற்றியில் வெள்ளை விழுந்த கருப்புக் கிடா. கையால் வளர்த்த ஆட்டைத்தான் இந்தப் பக்ரீத்துக்குக் குர்பானி கொடுப்பேன் என்று மனதில் நிய்யத்து வைத்து, மஞ்சக்குட்டை கிராமத்து அங்கப்பனிடம் குட்டியாக வாங்கி வந்தது. ராத்திரியில் காரோடு காராக ஷெட்டில்தான் அதற்கும் இடம். "பாத்தியா சாமி, உங்கம்மா என்ன அழும்பு பண்றான்னு?" என்பார். சுட்டி அசைபோட்டுக்கொண்டே கேட்கும்.

வெள்ளிக்கிழமை சவாரி முடித்து உச்சிப்பொழுதில் ஷெட்டுக்குத் திரும்பினால், சுட்டி எழ முடியாமல் கிடந்தது. கால்கள் துவண்டன. அதன் தலையைத் தூக்கினார். தாடி மயிர் பச்சை பச்சையாக ஒட்டியிருந்தது. அதை முகர்ந்தார். கூலண்ட் வாடை.

"யா அல்லாஹ்! ஜைனபு, ஓடி வா! அட்டையைத் தின்னது இதுதான்!"

"நான் எடுக்கலைன்னு அன்னிக்கே சொன்னேனே. அதை அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல தூக்குங்க!"

காரின் பின்சீட்டில் கிடத்திக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். டாக்டர் தேவகுமாரி கண்ணிமையை விலக்கிப் பார்த்தார்.

"கூலண்ட் இனிக்குங்க. அதான் சொட்டச் சொட்ட நக்கியிருக்குது. விஷம், கிட்னியைத் தின்னுரும். இதுக்கு முறிவு சாராயந்தான். ஒரு பிராந்தி பாட்டில் உடனே வாங்கிட்டு வாங்க."

"நானுங்களா? வேற யாரையாச்சும்..."

"ஆளைத் தேடுறதுக்குள்ள ஆடு போயிரும்."

ஹனீபா வாசல் வரை போய்த் திரும்பினார். "டாக்டரம்மா, பொழைச்சா குர்பானிக்கு ஆகுங்களா?"

"ஆகாதுங்க. இந்தக் கறியை யாரும் திங்கவே கூடாது."

அவ்வளவுதான், நிய்யத்து போயிற்று. இனி இந்த ஆட்டால் அவருக்குக் காலணாப் பிரயோசனமில்லை. 'அல்லாஹ்வின் நாட்டம்' என்று வீட்டுக்குப் போயிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் சுட்டி அவர் குரல் கேட்ட பக்கம் காதைத் திருப்பியது. அவர் வீட்டுக்குப் போகவில்லை.

ஒயின்ஷாப் அப்போதுதான் திறந்திருந்தது. ஆயுசில் அந்தப் பக்கம் மிதித்திராத ஹனீபா, தலையில் தொப்பியோடு வரிசையில் நின்றார். உடம்பெல்லாம் கூசியது. வெள்ளிக்கிழமை வேறு, எதிர்ச்சாரியில் ஆட்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஜமாஅத் செயலாளர் சையத் இப்ராஹிம் நின்றுவிட்டார்.

"ஹனீபா! யாருக்குப்பா இது?"

"ஆட்டுக்குங்கண்ணே."

வரிசையே வெடித்துச் சிரித்தது. சையத் இப்ராஹிம் சிரிக்கவில்லை. பள்ளிவாசலைப் பார்த்து நடந்துவிட்டார்.

ஹனீபா பாட்டிலைப் பேப்பரில் சுற்றி, பாம்பைப் பிடித்தவர் போலக் கை நீட்டிக்கொண்டு ஓடினார். டாக்டர் தண்ணீர் கலந்து குழாய் வழியாக இறக்கினார். ஜைனபு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுட்டியின் தலையை மடியில் தாங்கினாள். "உங்க மேல தப்பில்லீங்க," என்றாள். ஹனீபா அழுதுவிட்டார்.

கார் விஷயம் ஒன்றுமே இல்லாமல் முடிந்தது. "ராத்திரிக் குளிருக்கு ஓஸ் சுருங்கி, கிளிப்பு வழி விட்டிருக்குது. ஓடிச் சூடானதும் இறுகிக்குது. பகல்ல பார்த்தா எப்படிங்க தெரியும்?" என்று சொல்லி, ஸ்க்ரூ டிரைவரால் ஒரு திருகு திருகினார் சிங்கராயர். தீர்ந்தது.

ஊர் வாய்தான் தீரவில்லை. "பாய், ஆட்டுக்கு இன்னைக்கு எத்தனை ரவுண்டு?" என்று டாக்ஸி ஸ்டாண்டில் கேலி. ஜமாஅத்தில் கேலிகூட இல்லை. யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஹனீபாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

பக்ரீத் தொழுகை முடிந்து எல்லாரும் கட்டித் தழுவிக்கொண்டிருந்தபோது ஓரமாக நின்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சையத் இப்ராஹிம் நேராக வந்தார். கட்டிப் பிடித்துக் காதோரம் கேட்டார்:

"ஆடு எந்திரிச்சுதா?"

ஹனீபா தலையில் கட்டியிருந்த கைக்குட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"எந்திரிச்சுருச்சுங்கண்ணே. காலையில என்ற புதுத் தொப்பியைத் தின்னுருச்சு."