தெம்பாகா

எலும்பெல்லாம் வலித்தது. தொண்டையில் சர்க்கரை தடவியதுபோல் ஓர் அசட்டு இனிப்பு. பித்தளை உருக்கிய மறுநாள் இப்படித்தான்; அதிலுள்ள துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகை செய்கிற வேலை. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு எஞ்சின் பக்கத்தில் நின்றேன். நான் வார்த்துப் போட்ட பேரிங் கால் மணி நேரத்தில் கொதித்து, சுழல்தண்டைக் கவ்வி நின்றுவிட்டது.

மலாயாவில் திகாம் பத்து ஊரை ஒட்டிய எங்கள் ரப்பர் தோட்டத்து எஞ்சின் இப்போது ஜப்பான்காரனுக்கு நெல் அரைத்தது. ஜப்பான் அதிகாரி என் முகத்தைப் பார்க்கவில்லை. தோட்டத்துக் கணக்கர் பரஞ்சோதி கிராணியிடம் மலாயில் நான்கு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். கிராணி அதை எனக்குச் சொன்னார்.

"முருகையா, நாளைக்குக் காலையில இது ஓடலைன்னா ரயில் பாதை போட சயாம் போற லாரியில நீதான்."

"அன்னிக்கே சொன்னேனே அண்ணே, பித்தளை தாங்காது, வெண்கலம் வேணும்னு."

"அவன் தெம்பாகான்னான், நான் பித்தளைய எடுத்துக் குடுத்தேன். மலாயில செம்பும் தெம்பாகா, பித்தளையும் தெம்பாகா. நான் என்ன தட்டானா?"

வீடு வீடாகப் பிடுங்கி வந்த பாத்திரக் குவியலைக் கிளறினேன். குடம், தவலை, விளக்கு. ஒன்றுகூட வெண்கலம் இல்லை. பிறகுதான் எங்கள் குடியிருப்பு லயத்தில் அடுத்த வீட்டுப் பிச்சையம்மாள் அக்காவின் பொங்கல் பானை நினைவுக்கு வந்தது. அவள் அதை ஒப்படைக்கவில்லை. பிடிபட்டால் கம்பத்தில் கட்டி அடிப்பார்கள்.

அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அடுப்புச் சாம்பலைத் தோண்டிப் பானையை எடுத்தாள்.

"வெண்கலம்னுதான் வித்தான். நெசமான்னு எனக்குத் தெரியாது."

கரி அப்பியிருந்தது. காய்ச்சலில் என் கண்ணும் மங்கல். தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கை ஓங்கினேன். பாய்ந்து பிடித்தாள்.

"தட்டாதடா பாவி! கோயில் மணி கணக்கா கேக்கும்!"

வெளியே செம்மண் சாலையில் காவல்காரனின் பூட்ஸ் சத்தம் வந்து, நின்றது.

விளிம்பைப் பல்லால் கவ்வினேன். நகத்தால் மெல்லச் சுண்டினேன். பல் வழியாகத் தாடைக்குள் அதிர்வு இறங்கி, வலித்த எலும்பில் எல்லாம் ஓடியது. நிற்கவே இல்லை. பித்தளை என்றால் அந்த இடத்திலேயே செத்திருக்கும். பூட்ஸ் மறுபடி நடந்தது.

"வெண்கலம்தான் அக்கா."

"மணியம் சயாமுலேருந்து வந்தா இதுலதான் பொங்கிப் போடணும்னு வெச்சிருந்தேன்." மகன் பெயரைச் சொன்னதும் பானையைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சாக்கில் சுற்றி நீட்டினாள். "நீயும் போனா அவன் வந்துருவானா? எடுத்துட்டுப் போ. ஆனா புதுசு வாங்கித் தரணும். தகரத்தக் கொண்டாந்து நீட்டாத."

மரவள்ளிக் கூடையின் அடியில் வைத்துக் கொண்டுபோனேன்; நான்கு கட்டி, ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கனம். பித்தளை என்றால் நசுங்கும். இது சம்மட்டிக்கு உடைந்தது. தேய்ந்து பாதியாகிக் கிடந்த பழைய வெண்கலப் பேரிங்கையும் சேர்த்து உருக்கினேன். வெள்ளைப் புகை வரவில்லை. கடைசல் எந்திரத்தை ஓட்டுவதும் அதே எஞ்சின்தான் என்பதால் அரத்தாலேயே ராவி முடித்தேன்.

காலையில் ஒரு மணி நேரம் ஓடிற்று. அதிகாரி பேரிங் மேல் உள்ளங்கையை வைத்தான். எடுக்கவில்லை. குனிந்து நிறத்தைப் பார்த்தான். நேற்றையதைவிடச் சிவப்பு.

"இனி அப்பா?" இது என்ன என்று மலாயில் கேட்டான்.

ஒப்படைக்காத பாத்திரம் என்று தெரிந்தால் கம்பம்தான்; கிராணியின் சட்டை நனைந்துவிட்டது.

"தெம்பாகா," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனான். லாரி கிளம்பியபோது நான் அதில் இல்லை.

போர் முடிந்து ஜப்பான்காரன் போய்விட்டான். மணியம் வரவில்லை. பிச்சையம்மாள் அக்காவுக்கு நான் இன்னும் தர வேண்டியது ஒரு வெண்கலப் பானை, நான்கு கட்டி எடை.