மாமா சேர்த்துவைத்தது

மாமா போய் ஐந்து வாரமாகியும் அவளுக்கு உட்கார்ந்து அழ நேரம் வாய்க்கவில்லை. விடிவதற்குள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு ஓட வேண்டும். மதியம் வேலை முடிந்தால் நேரே மாமாவின் மூன்றாவது மாடி வீட்டுக்கு வந்து அலமாரி அலமாரியாக ஒழிக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் சாவி கைக்கு வந்தாக வேண்டுமென்று வீட்டுக்காரர் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

மாமா அவள் அம்மாவின் தம்பி. நாடக அரங்கில் முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவர். கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. வாங்கிய சம்பளமெல்லாம் சாமானாகிவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் இசைத்தட்டுகள், கட்டுக்கட்டாக நாடக நோட்டீஸுகள், கிழித்த அரை டிக்கெட்டுகள், மூன்று தகரக் கிரீடங்கள், எந்த ராஜாவோ போட்ட செருப்பில் ஒற்றைக் கால்.

அவளுடைய தம்பி போனில் உருகினான். "அக்கா, அதெல்லாம் மாமாவோட உயிரு. கண்டவன்கிட்ட தள்ளிவிட்டுடாத."

"சரி, உன் வீட்டுக்கு அனுப்பிவிடட்டா?"

"இங்க ஏதுக்கா எடம்?"

முதலில் வந்தவர் பழைய இசைத்தட்டு வியாபாரி. முன்னறையிலேயே உட்கார்ந்து, தட்டுகளை உறையிலிருந்து உருவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எல்லாவற்றின் நடுவிலும் மாமாவின் நீல மை. 'மழை. இரண்டாம் பக்கம் சுமார்.' 'இருமலோடு கேட்டது.'

"எழுதாம வச்சிருந்தா நல்ல வெலைக்குப் போகும் மேடம்," என்று உச்சுக்கொட்டி, ஒரு தொகை சொன்னார். வெள்ளிக்கிழமை வண்டியோடு வந்து மற்றதையும் பார்த்து மொத்தமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

அந்தத் தொகை சரியா தவறா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? விவரம் தெரிந்தவர் யாராவது உண்டாவென்று மாமாவின் டைரியைப் புரட்டினாள். 'போலீஸ்' என்று ஒரு பெயரும் போன் நம்பரும், பக்கத்தில் சிவப்பு மையில் 'எடுக்காதே'. நிஜப் போலீஸ் இல்லை. மாமாவைப் போலவே நாடகச் சாமான் சேர்ப்பவர். எதைக் காட்டினாலும் பூதக்கண்ணாடியை எடுப்பார் என்பதால் மாமா வைத்த பெயர்.

கூப்பிட்ட மறுநாளே வந்தார். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார்.

"போயிட்டான்னு ஒருத்தரும் சொல்லலம்மா."

"உங்க நம்பருக்குப் பக்கத்துல எடுக்காதேன்னு எழுதியிருந்தாரு."

"என் டைரியிலயும் அவன் பேருக்கு நேரா அதான் இருக்கு."

கட்டிலுக்கு மேலே ஒரு பழைய நாடகச் சுவரொட்டி சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன் ஏலத்தில் அவரை முந்திக்கொண்டு மாமா எடுத்தது. அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

"இத நீங்களே எடுத்துக்குங்க. காசெல்லாம் வேண்டாம்," என்றாள்.

அவர் பூதக்கண்ணாடியை வைத்து ஒரு தரம் பார்த்தார். "வேண்டாம்மா. இது பிற்பாடு அச்சடிச்ச நகல். வரிசையா புள்ளி தெரியுது பாரு. அந்தக் காலத்து அச்சுல இது வராது."

"மாமாகிட்ட சொன்னீங்களா?"

"அவன் எடுத்த மறுநாளே சொன்னேன். வயித்தெரிச்சல்ல சொல்றேன்னான். கொஞ்சம் வயித்தெரிச்சலும் இருந்துச்சு."

சாயங்காலம் வரை உட்கார்ந்து, எதெது விலை போகும், எதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். தனக்கென்று ஒரு துண்டு டிக்கெட்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "என் வீட்லயே என்னையும் சேத்து எப்போ ஒழிக்கலாம்னு மருமக பாத்துக்கிட்டிருக்கா," என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை வியாபாரி உள்ளறைக்குள் வந்தார். சுவரொட்டியைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, பார்க்காதவர்போலத் திரும்பிக்கொண்டார்.

"சுவத்துல இருக்கறதையும் சேத்துக் குடுத்துடுங்க மேடம்," என்று அவராகவே முன்பு சொன்ன தொகையை ஒன்றரை மடங்காக்கினார்.

ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறவள் வீட்டில் வாஷிங்மெஷின் ரிப்பேராகி ஏழு மாதம். அந்த ஆளும் பச்சைக் குழந்தையில்லை. தெரிந்தேதான் தட்டுகளை மட்டம்தட்டினார். பேசாமல் தலையாட்டினால் முடிந்தது.

"அது ஒரிஜினல் இல்லைங்க," என்றாள். "கிட்டப் போய்ப் பாருங்க. புள்ளி தெரியும்."

நல்ல மனசு என்றெல்லாம் சொல்லிவிட முடியாது. இன்னொரு நாள் இவர் போன் போட்டுக் கத்துவார், அதற்கும் தானேதான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோதே அவளுக்கு அலுத்துவிட்டது.

வியாபாரி கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தார். தொகை இறங்கியது, முன்பு சொன்னதற்கும் கீழே. போலீஸ் எழுதிக் கொடுத்த தாளை நீட்டி, அரைமணி நேரம் மல்லுக்கட்டிப் பழைய தொகைக்கே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"நீங்க வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்," என்றார் அவர், பணத்தைக் கொடுத்துக்கொண்டே.

"இருந்திருக்கலாம்."

கடைசிப் பெட்டி இறங்கும்போது மணி ஆறு. வீட்டைப் பெருக்கிச் சாவியைக் கொடுத்துவிட்டு, சட்டத்தோடு சுவரொட்டியைச் சுமந்துகொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். அங்கே நின்றபடியே போலீஸுக்குப் போன் போட்டாள்.

"வித்தாச்சுங்க."

"அந்தப் போஸ்டர்?"

"என்கிட்டதான் இருக்கு."

"வெயில் படாம மாட்டும்மா."

"போலிதானே?"

"போலின்னா மட்டும் நெறம் போகாதா?"

பஸ் வந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. அடுத்ததில் போகலாமென்று சட்டத்தைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.