இரண்டு அங்குலம் கூடிய சைக்கிள்

என் கணவர் வேதநாதன் முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவர். துரு என்பது அவருடைய சொந்தப் பாடம். புங்குடுதீவில் உப்புக்காற்றுக்குத் தப்பிய இரும்பு கிடையாது. புதிதாக வாங்கிய சைக்கிளும் இரண்டாம் மாரிக்குள் சிவந்துவிடும். அவர் அதைத் துடைப்பார், எண்ணெய் பூசுவார், சேலைத் துண்டால் போர்த்துவார். யாருடைய சேலை என்று கேட்கவேண்டாம். அப்படியும் துரு வரும். வந்ததும் அதன் சமன்பாட்டை எனக்குச் சொல்லிக் காட்டுவார்.

ஓய்வுபெற்ற கிழமையே அறிவித்துவிட்டார்.

"இஞ்சாரும், இனி நான் டைட்டேனியத்திலதான் ஓடுவன். உப்பு அதைத் தொடாது."

"தங்கத்தையும்தான் தொடாது. அதில ஒண்டு செய்விப்பமே?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சுவிசில் இருக்கும் எங்கள் மகள் ராகவியும் சிரிக்கவில்லை. அவளுடைய சிநேகிதி ஒருத்தி சிறிய பட்டறை வைத்து, ஆளின் உடம்புக்கு அளந்து டைட்டேனியச் சைக்கிள் செய்கிறாளாம். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அதுதான் பரிசு என்றாள்.

"அப்பா, இது கடையில தொங்கிற உடுப்பில்லை. உங்கட அளவுக்குக் குழாயை வெட்டி ஒட்டுவினம். ஒட்டினாப் பிறகு குறைக்கவும் ஏலாது, கூட்டவும் ஏலாது. உயரம், கால், கை எல்லாம் வடிவா அளந்து அனுப்புங்கோ."

அளப்பது என் தொழில். நான் குடும்பநல மாது. ஊருக்கு மிசி. இந்தத் தீவில் பிறக்கிற பிள்ளைகளின் நிறையையும் நீளத்தையும் இருபது வருடத்துக்கு மேலாக அளந்துகொண்டிருக்கிறேன். "வாங்கோ, நானே அளக்கிறன்" என்று கூப்பிட்டேன். மனிதர் ஊசி போட வந்த பிள்ளையைப் போலத் துள்ளி விலகினார்.

"நீர் பிள்ளையளை அளவும். இது வேற விசயம்."

சொல்லிவிட்டு மடத்துவெளிச் சந்தியில் தையல்கடை வைத்திருக்கும் வல்லிபுரம் அண்ணையிடம் போய் அளந்துகொண்டு வந்தார். எனக்கு ஒரு வேலை மிச்சம் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் நான் யோசித்திருக்கவேண்டும்.

சில மாதங்களில் பெட்டி வந்து சேர்ந்தது. பூட்டிக் கொடுக்க அல்லைப்பிட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் டிலோனை அழைத்திருந்தார். உள்ளே இருந்தது பூச்சு எதுவுமில்லாத சாம்பல் நிறச் சட்டம். நான் ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன்.

"நிறை காணாது. திரிபோசாச் சத்துமா எழுதித் தரட்டே?" என்றேன்.

டிலோன் வாயைப் பொத்திக்கொண்டான். இவர் சட்டத்தை என் கையிலிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பூட்டுகிற வேலை மூன்று நாள் நடந்தது. ஆணி தவறிப்போகும் என்று அதுவரை கூடத்தைக் கூட்ட எனக்கு அனுமதியில்லை. ஆணி போதுமான அளவு இறுகியதும் 'டிக்' என்று சத்தம் போடும் ஒரு திறப்பை ராகவி அனுப்பியிருந்தாள். இவர் புத்தகத்தைப் பார்த்து எண் சொல்லுவார். டிலோன் தன் மணிக்கட்டை மட்டுமே நம்புகிறவன்.

"மாஸ்டர், காணும் எண்டா காணும்."

"டிக் கேட்டதோ?"

"எனக்குக் கேட்டது, மாஸ்டர்."

கடைசியில் சைக்கிள் எழுந்து நின்றது. உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது. கடாக்கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில், ஒல்லி ரயர், கண்ணை உறுத்தாத ஒரு மினுக்கம். அயலில் எல்லோரும் படலைக்கு வந்துவிட்டார்கள். இவர் புதுத் தொப்பியோடு வந்து, காலைத் தூக்கிப் போட்டு, சைக்கிள் பாருக்கு இரண்டு பக்கமும் நின்றார். நின்றார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கால் பெருவிரல்கள் மட்டும் நிலத்தைத் தொட்டன, முகம் வேறு ஏதோ வேதனையைச் சொன்னது.

டிலோன் சீற்றை அடிமட்டத்துக்கு இறக்கினான். அப்போதும் பெடல் கீழே போகும்போது கால் அதைத் தேடிக்கொண்டு போகவேண்டியிருந்தது. ஹாண்டிலைப் பிடிப்பதற்கு உடம்பை முழுக்க நீட்டவேண்டியிருந்தது. கொடியில் காயப்போட்ட வேட்டியைப் போல மனிதர் படலைவரை ஓடிப்போனார். இறங்க முடியாமல் மதிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இவர் தொப்பியைக் கழற்றினார்.

"வல்லிபுரத்தின்ர நாடா பிழை" என்றார்.

அந்த ஒரு வசனம் எனக்கு முந்தியே சந்திக்குப் போய்விட்டது. அடுத்த நாள் கிளினிக்குக்கு வந்த தாய்மாருக்கு வேறு கதையில்லை. "மிசி, போன முறை தைச்ச சட்டை எனக்கும் இறுக்கம். நாடாதான் பிழையோ?" என்று ஒருத்தி கேட்டாள். பிள்ளை பெற்று மூன்று மாதம். "நாடா இல்லைத் தங்கச்சி, நீர்தான்" என்றேன். அவள் நம்பவில்லை. முப்பது வருடம் படிப்பித்த மாஸ்டர் சொன்னால் பிறகு ஆர் பேச்சு எடுபடும்?

நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு முந்திய இரண்டு மாதம்தான் வல்லிபுரம் அண்ணையின் வருடம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் அவர்களை வரவேற்கிறவர்களுக்கும் தைத்து முடிக்க அவருக்கு நேரம் போதாது. இந்த முறை துணியெல்லாம் பஸ்சில் ஏறி யாழ்ப்பாணம் போயிற்று. நான் கடையைத் தாண்டிப் போகும்போது மெசினுக்கு மேலே துணி மூடியிருந்தது. அவர் வாசலில் கதிரை போட்டு இருந்தார். கழுத்தில் நாடா தொங்கியது. என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போனார்.

அன்று பின்னேரம் ராகவி போனில் வந்தாள். கவலையோடு இருந்தாள்.

"அம்மா, எங்க பிழைச்சது? அப்பா அனுப்பின கணக்கு எல்லாம் ஒண்டுக்கொண்டு பொருந்தினது. அஞ்சடி ஏழங்குல ஆளுக்கு அந்தக் கால், அந்தக் கை சரிதானாம்."

"எத்தினை அடி எண்டனீர்?"

"அஞ்சடி ஏழு."

நான் குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். சிரிப்பு வந்தால் எனக்கு நிற்க முடியாது. இந்த எண்ணை நான் முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

எங்களுக்குக் கலியாணப் பேச்சு வந்தது போரில் பாதை பூட்டியிருந்த காலத்தில். நான் கொழும்பில், மாப்பிள்ளை வன்னியில். கழுத்துவரை எடுத்த ஒரு படமும் தரகரின் வாயும்தான் வந்து சேர்ந்தன. "பெட்டை நல்ல உயரம் எண்டு சொல்லுறியள். பெடியனும் அஞ்சடி ஏழு" என்றார் தரகர். என் உயரம் அஞ்சடி ஏழு. பெட்டையின் உயரம் எதுவோ, பெடியனின் உயரமும் அதுவே. மணவறையில் வந்து நின்ற மனிதரைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அளக்கிற கண் எனக்குக் கலியாணத்துக்கு முந்தியே இருந்தது. படம் எடுக்க வந்தவருக்கும் விளங்கியிருக்கவேண்டும். அவர் ஒரு பலகையை எடுத்து மாப்பிள்ளையின் காலுக்குக் கீழே தள்ளினார்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் அந்த இரண்டு அங்குலத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. எங்கே போனாலும் அவர் ஒரு படியிலோ வரம்பிலோ ஏறி நிற்பார். நான் குதி வைத்த செருப்பு வாங்கியதில்லை. அப்பா அஞ்சடி ஏழு என்றால் அம்மா அஞ்சடி ஒன்பதாக இருக்கவேண்டும் என்று என் மகள் இதுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். பெற்ற பிள்ளைக்கே நான் ஒரு மின்கம்பம்.

சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது. உயரத்தைக் கூட்டியதோடு நிற்கவில்லை மனிதர். கணக்குப் பொருந்தவேண்டும் என்று காலையும் கையையும் கூட்டியிருக்கிறார். ஆய்வுகூடத்தில் விடைக்கு ஏற்ற மாதிரி வாசிப்பைத் திருத்திய எத்தனை பிள்ளைகளுக்குப் பூச்சியம் போட்டவர்!

மறுநாள் ஒரு கறுப்புத் துணியை எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போனேன்.

"வல்லிபுரம் அண்ணை, ஒரு காற்சட்டை தைக்கவேணும்."

"ஆருக்கு, மிசி?"

"எனக்கு. சைக்கிள் ஓட."

அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு நாடாவை எடுத்தார். அளந்து முடியும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"மாஸ்டர் எத்தினை அடி வந்தவர்?"

அவர் வாயில் குண்டூசி இருந்தது. அது இல்லாவிட்டாலும் இலகுவில் பேசுகிறவரில்லை.

"அளந்தது அஞ்சடி அஞ்சு. ரெண்டு அங்குலம் கூட்டிப் போடும் எண்டவர். தண்ணியில போட்டாச் சுருங்குமெண்டு நாங்கள் கூட்டுறதுதானே. நானும் உடுப்பெண்டு நினைச்சுக் காலிலயும் கையிலயும் அளவாக் கூட்டிச் சொன்னனான். சைக்கிளுக்கெண்டு ஆர் கண்டது?"

கால், கை விசயத்தில் என் கணவரை அநியாயமாகத் திட்டியிருக்கிறேன். பரவாயில்லை, வேறு கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

"ஏன் அண்ணை இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"என்ர பிள்ளைக்குப் படிப்பிச்ச மனுசன், மிசி. அவர் கட்டையெண்டு நான் சந்தியில நிண்டு சொல்லுறதே?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்சட்டை மறுநாள் தயாரானது. போட்டுக்கொண்டு, சீற்றை டிலோன் முதலில் வைத்திருந்த உயரத்துக்குத் தூக்கி, சைக்கிளில் ஏறினேன். கால் நிலத்தில் இருந்தது, கை ஹாண்டிலில் இருந்தது. ஒரு மிதி மிதித்தேன். வளவைத் தாண்டி, ஒழுங்கையைத் தாண்டி, கோயில்வரை போய்விட்டேன். வேலைக்கு ஓடுகிற என் சைக்கிளை நான் தள்ளவேண்டும். இது தானாகப் போனது. ஐம்பத்தைந்து வயதில் எனக்குக் கூவவேண்டும் போல இருந்தது. ஒழுங்கையில் ஆள் இல்லாததால் மெல்லக் கூவினேன்.

திரும்பி வந்தபோது இவர் வாசலில் நின்றார். வாசற்படியில், வழக்கம் போல.

"சைக்கிள் வடிவாத்தான் செய்திருக்கு. எனக்கெண்டே அளந்தமாதிரி" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. நான் இறங்கி அவருக்குக் கிட்டப் போனேன்.

"இஞ்சாருங்கோ. அந்த ரெண்டு அங்குலத்தை எனக்காக வைச்சிருக்கிறியளெண்டா எனக்கு வேண்டாம். நான் உங்களை மணவறையிலயே கண்டனான். கண்டுதான் கழுத்தை நீட்டினனான். ஆனா வல்லிபுரம் அண்ணையின்ர மெசின் நிண்டுபோச்சு."

அன்று அவர் இராச்சாப்பாடு சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் நான் எழும்பும்போது ஆளில்லை.

தையல்கடைக்குப் பக்கத்தில்தான் பஸ் நிற்கும் இடம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கந்தோருக்குப் போகிறவர்கள், துணிப்பையோடு பட்டணம் போகிற பெண்கள் என்று காலையில் அங்கே அரைவாசி ஊர் நிற்கும். நான் வேலைக்குப் போகிற வழியில் பார்த்தால், என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தையல்கடை வாசல் நிலையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்.

"அளவும், வல்லிபுரம். அளந்து சத்தமாச் சொல்லும்."

வல்லிபுரம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"அஞ்சடி அஞ்சு, மாஸ்டர்."

"எல்லாருக்கும் கேட்டதோ? அவரின்ர நாடா சரி. கூட்டச் சொன்னது நான். பிழை என்ர."

அவரிடம் படித்து இப்போது பிரதேச சபையில் வேலை செய்கிற கீர்த்திகன் மெல்லக் கேட்டான்.

"வாசிப்பைத் திருத்தினாப் பூச்சியமெல்லோ, சேர்?"

"பூச்சியம்தான். போடும்" என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். துணிப்பையோடு நின்ற ஒரு பெண் பஸ் வந்தும் ஏறவில்லை, கடைக்குள் ஏறினாள். பின்னேரம் நான் திரும்பி வரும்போது மெசின் சத்தம் சந்திவரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை குறிகட்டுவான் இறங்குதுறைவரை ஓடினோம். நான் டைட்டேனியத்தில், அவர் தன் பழைய துருப்பிடித்த சைக்கிளில். எதிரே சோளகக் காற்று. அவருடைய செயின் வழி முழுக்கக் கத்தியது. நான் வேண்டுமென்றே முன்னுக்குப் போய் நின்று, "வாறியளோ, இல்லாட்டி வள்ளத்தை மறிக்கட்டோ?" என்று கேட்டேன். "துருவுக்குள்ளயும் ஓடுறன் பாரும்" என்று மூச்சு வாங்கினார். ஆணி கழன்றால் பூட்டுவதற்காக டிலோன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

துறையில் நயினாதீவுக்குப் போகிற சனம் வரிசையில் நின்றது. ராகவிக்கு அனுப்பப் படம் எடுக்கச் சொல்லி டிலோனிடம் போனைக் கொடுத்தேன். சைக்கிளை நடுவில் பிடித்தபடி நின்றோம். இவருடைய பக்கத்தில் ஒரு சீமெந்துப் படி. கால் பழக்கத்தில் தானாக அதில் ஏறியது. ஏறிய காலை ஒரு கணம் குனிந்து பார்த்தார். பிறகு இறங்கி நிலத்தில் நின்றார்.

"எடும், டிலோன்" என்றேன்.

"கொஞ்சம் பொறும்" என்றார் இவர். என் பக்கம் திரும்பினார். "நீர் ஏன் குனிஞ்சு நிக்கிறீர்?"

"நானோ? நான் குனியேல்லையே."

"குனிஞ்சுதான் நிக்கிறீர். கலியாணப் படத்தில இருந்து எல்லாப் படத்திலயும் குனிஞ்சுதான் நிக்கிறீர். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ?" சைக்கிளைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தார். "காணும். இனி நிமிர்ந்து நில்லும், ரஞ்சிதம்."

நான் நிமிர்ந்தேன். முதுகு கடக்கென்று சத்தம் போட்டது.

"டிக் கேட்டது" என்றார். டிலோன் படத்தை எடுத்தான்.