ஆணியில் இரண்டு பெல்ட்டுகள்

1

இந்தக் கதை ஓர் ஆணியிலிருந்து வந்தது. சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டோரம், ஹபீப் முகம்மதுவின் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் பார்க்க என் காரை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவர் ஆணியில் பல் வைத்த ரப்பர் பெல்ட்டுகள் இரண்டு தொங்கின. ஒன்று அறுந்தது, மற்றது முழுசு.

"அறுந்ததை எதுக்கு பாய் மாட்டி வச்சிருக்கீங்க?" என்றேன்.

"அது ஒரு டீச்சர் கார்ல அத்தது, அண்ணாச்சி. எம்பத்தாறுல."

அதற்குள் ஒரு வேன்காரர் கூப்பிட, எழுந்து போய்விட்டார். எனக்குக் கிடைத்த உண்மை அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. முழுசாக இருந்ததைப் பற்றிக் கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

2

முதல் தொடக்கம்: 'ஆடித்தபசுக் கூட்டத்தில் அந்த வெளிநாட்டுக் கார்—' வேண்டாம். திருவிழாவில் தொடங்கினால் பலூன்காரன், வளையல்காரி எல்லாரும் கதைக்குள் வந்து சம்மணம் போட்டுவிடுவார்கள்.

இரண்டாவது: 'பிரசவ வலியில் துடித்த அடுத்த வீட்டு இசக்கித்தாயைப் பின்சீட்டில் படுக்கவைத்து, தேவமணி டீச்சர்—' இதில் ஒரு பக்கம் ஓடிவிட்டேன். நன்றாகவும் வந்தது. திரும்பப் படித்தபோதுதான் என் தந்திரம் எனக்கே பிடிபட்டது. ஒரு பெண் கார் ஓட்டியதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுமே என்று பிரசவத்தை இழுத்து வந்திருக்கிறேன். இசக்கித்தாயை இறக்கிவிட்டேன். (பிள்ளை சுகமாகப் பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி அவளுக்கு இங்கே வேலை இல்லை.)

தேவமணி காரை எடுத்தது, ஓட்டப் பிடித்திருந்ததால். சனிக்கிழமைகளில் ராயகிரி வரை போவாள், ஒரு காப்பி குடிப்பாள், திரும்பி வருவாள். போன காரியம் என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை.

3

கார் அவள் கணவன் யோவானுடையது. குவைத்திலிருந்து லீவில் வந்தபோது கப்பலில் கொண்டுவந்தான். திரும்பிப் போகையில் தார்ப்பாய் போட்டு மூடி, சாவியை அண்ணன் அருமைநாயகத்திடம் கொடுத்து, "பத்திரமா பாத்துக்கிடுங்க" என்றான். தேரடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணனும் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டார், தார்ப்பாயை.

தேவமணியின் அப்பா ஆஸ்பத்திரி ஜீப் ஓட்டியவர். கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். ஒருநாள் அவள் சாவியைக் கேட்டாள். அருமைநாயகம் கொஞ்ச நேரம் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தம்பிக்குத் தெரிய வேண்டாம், என்ன?" என்று எடுத்துக் கொடுத்தார். தெரிந்தால் யோவான் என்ன சொல்வான்? தேவமணிக்கே தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனோடு சேர்ந்து இருந்ததெல்லாம் லீவு நாட்கள்தான்.

அந்தச் சனிக்கிழமை தேரடியில் பஸ்ஸுக்கு வழிவிட்டு மெல்ல ஊர்ந்தபோது கார் பொசுக்கென்று நின்றுவிட்டது. கடையிலிருந்து அருமைநாயகம் ஓடிவந்தார். பானெட்டைத் திறந்து, ஃபேன் பெல்ட்டை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"பெல்ட்டு நல்லாத்தான் இருக்கு. பேட்டரிதான் இறங்கியிருக்கும். ஏலே, எல்லாரும் கை வைங்க."

தேரடிக் கூட்டம் முழுக்கக் கை வைத்தது. பூக்காரி பிச்சம்மாள் முந்தானையில் முடிந்திருந்த கோயில் புற்றுமண்ணில் ஒரு சிட்டிகையை பானெட்டில் அப்பினாள். "எந்த நோவும் கேக்கும், டீச்சர்." ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அருமைநாயகம் அதைத் துடைக்கவில்லை.

"செகண்ட் கியரப் போட்டு கிளச்ச விடு, தேவமணி."

விட்டாள். உள்ளே இரும்பும் இரும்பும் இடித்தன. சரியாகத் தள்ளவில்லை போல என்று மறுபடியும் தள்ளினார்கள். ஊரே ஒற்றுமையாக உதவி செய்தது.*

(* இந்தக் காரில் பெல்ட் இரண்டு. கண்ணுக்குத் தெரிவது ஃபேனுக்கு. மூடிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொன்றுதான், பிஸ்டன் மேலே வரும்போது வால்வு விலகி நிற்கும்படி இரண்டையும் முறை தப்பாமல் ஓட்டுவது. அது அறுந்த பிறகு என்ஜின் சுற்றினால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அதை அப்போது ஊரில் அதிகம் பேர் பார்த்ததில்லை. அம்பாசிடருக்கு உள்ளே இருந்தது செயின்.)

4

கடையநல்லூர் ஹபீப் முகம்மது துபாய் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு அப்போதுதான் சங்கரன்கோவிலில் கடை போட்டிருந்தார். மூடியைக் கழற்றி, அறுந்த பெல்ட்டை உருவித் தேவமணி கையில் கொடுத்தார். மேலும் பிரித்ததில் வால்வுகள் வளைந்து கிடந்தன.

"இது பெல்ட்டு அத்தப்பவே வளைஞ்சதா, தள்ளுனதுல வளைஞ்சதா?" என்றார் அருமைநாயகம். குரல் இறங்கியிருந்தது.

"யாருக்குத் தெரியும்? வளைஞ்ச வால்வு வாயத் தொறந்து சொல்லவா போவுது."

இந்த இடத்தில் நான் தேவமணிக்கு ஒரு நல்ல ஆயுதம் கொடுத்தேன். 'நீங்க தள்ளச் சொன்னதுதான், அத்தான்—' அதற்கு மேல் அவள் பேச மறுத்துவிட்டாள். வற்புறுத்திப் பார்த்தேன். அவள் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடக்கியபோது முதுகு முழுக்க வெடிப்பு. யோவான் கொண்டுவந்த வெளிநாட்டுக் குக்கரை அவள் பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்து, சில வருஷம் கழித்து ஒரு கிறிஸ்துமஸுக்குத்தான் அடுப்பில் ஏற்றினாள். அதன் ரப்பர் வளையமும் இப்படித்தான் வெடித்துக் கிடந்தது.

"பாய், இது ஓடுனதுனால அத்த மாதிரி இல்லையே. சும்மா நின்னே காஞ்சிருக்கு."

ஹபீப் வாங்கிப் பார்த்தார். "இருக்கலாம், டீச்சர். பல்லு ஒண்ணும் தேயல, பாருங்க. சரி, இதுக்கு வால்வும் பெல்ட்டும் மெட்ராஸ்ல கூடக் கிடைக்காது. உங்க வீட்டுக்காரர் வரும்போது கொண்டுவந்தாத்தான் உண்டு."

ஆக, யோவானிடம் சொல்லியே தீரவேண்டும்.

"நான் ஓட்டுனேன்னு சொல்லுதேன்" என்றார் அருமைநாயகம். "என்னய அவன் என்ன செய்யப் போறான்? நீ பேசாம இரு."

பிரியமாகத்தான் சொன்னார். தேவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. தலையாட்டினால் போதும். பெல்ட் வரும், கார் சரியாகும், மறுபடி தார்ப்பாய்க்குள் போகும். அவள் ராயகிரிக்குப் போனதே இல்லை என்றாகிவிடும்.

5

தபால் ஆபீஸில் டிரங்க் கால் பதிந்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள்.

முடிவு அ: அருமைநாயகம் பேசுகிறார். எல்லாரும் சௌக்கியம். (எழுதிப் பார்த்தேன். தார்ப்பாய் வாசனை அடித்தது.)

முடிவு ஆ: மணி அடித்தது. அருமைநாயகம் கையை நீட்டுவதற்குள் தேவமணி ரிசீவரை எடுத்தாள்.

"இங்க பாருங்க, நான்தான் பேசுதேன். காரு பெல்ட்டு அத்துப்போச்சு. ஓட்டுனது நான்தான். ஆனா ஓட்டுனதுனால அத்துப்போகல, நிறுத்தி நிறுத்தி வச்சுதான் போச்சு. வால்வும் பெல்ட்டும் வாங்கிட்டு வாங்க. கேக்குதா?"

கரகரப்பு. அப்புறம் மௌனம். அது லைனுடையதா யோவானுடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டதில் நெஞ்சு லேசாகியிருந்தது.

யோவானின் பதிலை மூன்று விதமாக எழுதினேன். கோபப்பட்டான். சிரித்தான். 'நீ எப்ப—' என்று தொடங்கி நிறுத்தினான். மூன்றையும் அடித்துவிட்டேன். லீவு நாட்களிலாவது அவள் அவனைப் பார்த்திருக்கிறாள். நான் பார்த்ததே இல்லை.

6

இரண்டு நாள் கழித்து என் காரை எடுக்கப் போனபோது ஹபீப்பிடம் கேட்டேன்: "அந்த முழு பெல்ட் எந்த வண்டியோடது?"

"அதே டீச்சர் வண்டிதான். புதுசா போட்டது. பின்னால அதையும் நான்தான் கழட்டுனேன். ஓடித் தேஞ்சது, அண்ணாச்சி. அத்துப்போறதுக்கு முன்ன மாத்தியாச்சு."

ஆணியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முதுகில் ஒரு வெடிப்பு இல்லை. பற்கள் மழுங்கி வழவழவென்றிருந்தன. யார் ஓட்டினார்கள் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் திரும்ப மாட்டினேன்.

அந்த டிரங்க் காலில் யோவான் என்ன சொன்னான் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கோபமோ சிரிப்போ, உங்கள் இஷ்டம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: நீங்கள் எழுதுகிற பதிலுக்குப் பிறகு, அந்த இரண்டாவது பெல்ட் தேய்கிற அளவுக்குக் கார் ஓடியிருக்க வேண்டும்.